தறிவீட்டுப் பிள்ளைகளும் மனித உரிமைப் பணியும்: எங்கள் நிலைப்பாடு

சின்ன காஞ்சிபுரத்தில் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிற அமைப்பு எங்களுடையது. ‘ஐ.நா.வில் வேலை பார்க்கணும்’ என்று பிளஸ் டூ பிள்ளைகள் சிலர் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். பெற்றோர் தயங்குகிறார்கள். எங்கள் பதில்: போகட்டும். ஆனால் அந்தப் பாதை ஜெனீவாவில் தொடங்குவதில்லை.

மனித உரிமைத் துறைக்கு நம் ஊர் புதிதல்ல. கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஒரு பக்கக் கரையின் நாடாவை ஓட்ட, நெய்பவருக்குப் பக்கத்தில் இன்னோர் ஆள் வேண்டும். நெடுங்காலம் அந்த ஆள் ஒரு பிள்ளையாகத்தான் இருந்தது. வீட்டில் வாங்கிய முன்பணம் அடைகிறவரை அது தறியை விட்டு எழ முடியாது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. 2003-லும் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச், பட்டுத் தொழிலின் கொத்தடிமைச் சிறார் பற்றித் தனி அறிக்கை வெளியிட வேண்டியிருந்தது. அதில் காஞ்சிபுரமும் உண்டு. வெளியிலிருந்து வந்தவர்கள் கேட்டார்கள், நம் பிள்ளைகள் பதில் சொன்னார்கள். வந்தவர்களுக்கு நன்றி. அடுத்த முறை கேள்வி கேட்கிற இடத்தில் நம் ஊர்ப் பிள்ளை உட்கார வேண்டும்.

அதற்குக் காரணம் இருக்கிறது. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்று விட்டுவைத்தது. தறி வீட்டுக்குள்ளேயே இருக்கிற ஊரில் அந்த ஒரு வரி என்ன செய்யும் என்பது, குழித்தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

வேலைக்கான குறைந்தபட்ச வயது பற்றிய 138-ஆம் எண் சர்வதேசத் தொழிலாளர் உடன்படிக்கை 1973-இல் உருவானது. இந்தியா அதை ஏற்றது 2017-இல். இந்த 44 ஆண்டு இழுபறியில் அரசைக் கேள்வி கேட்டவர்களும் உண்டு, அரசுக்காகப் பேசியவர்களும் உண்டு. பிள்ளைகள் இரண்டையும் ஒரே வேலை என்று நினைக்கிறார்கள். வெளியுறவுப் பணியில் சேர்ந்தவர், தனக்கு உடன்பாடு இல்லாவிட்டாலும் அரசின் நிலைப்பாட்டைத்தான் ஐ.நா. சபையில் சொல்ல வேண்டும். சேருவதற்கு முன்பே இது தெரிந்திருக்கட்டும்.

நவி பிள்ளையின் கதையைப் பெற்றோருக்குச் சொல்கிறோம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தமிழ் வம்சாவளிக் குடும்பம்; அப்பா பேருந்து ஓட்டுநர். அங்கிருந்த இந்தியர்கள் காசு சேர்த்துப் படிக்கவைத்தார்கள். 1967-இல் வழக்கறிஞர் அலுவலகம் திறந்து, கால் நூற்றாண்டுக்கு மேல் சொந்த நாட்டு நீதிமன்றங்களில் வாதாடினார். 1973-இல் ராபன் தீவு அரசியல் கைதிகளுக்கு வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமையை வாங்கிக் கொடுத்தார். ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த சர்வதேசத் தீர்ப்பாயத்தில் நீதிபதிப் பதவியும், 2008-இல் ஐ.நா. மனித உரிமை உயர் ஆணையர் பதவியும் அதற்குப் பிறகுதான்.

வழியில் கிடக்கும் தடைகளைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஐ.நா. தலைமைச் செயலகத்தின் பயிற்சிப் பணிக்கு ஊதியம் இல்லை. ஜெனீவா வாடகையும் விமானச் சீட்டும் அவரவர் பொறுப்பு. கூலி இல்லாத வேலையைக் கண்டிக்கிற நிறுவனம் இப்படிச் செய்யலாமா? இதை எதிர்க்கிறோம். பட்டியலின மாணவர்களுக்கான தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகைக்கு ஒன்றிய அரசு 2022-இல் வெளியிட்ட விதிகள், இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்குப் பணம் கிடையாது என்றன. கொத்தடிமை முறையை ஆராய நினைக்கும் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய பூட்டு வேண்டாம். அந்த விலக்கு நீங்க வேண்டும். வெளியுறவுப் பணிக்கு வழியான குடிமைப்பணி முதல்நிலைத் தேர்வின் வினாத்தாள் தமிழிலும் வர வேண்டும்.

எங்கள் பங்குக்கு, கட்டணம் கட்டி வாங்குகிற ‘மாதிரி ஐ.நா.’ சான்றிதழ்களைத் தகுதியாகக் கருத மாட்டோம். சட்டம் படிக்கிறவர்களை முதலில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்புவோம். கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்ட ஒருவருக்கு விடுதலைச் சான்றிதழ் வாங்கித் தர எத்தனை மேசை ஏற வேண்டும் என்று அங்கே கற்கட்டும். டர்பனைப் போல ஊர்க்காசில் ஒரு கல்வி நிதியும் தொடங்குகிறோம்.

ஐ.நா. அலுவலகங்களில் ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் நடைமுறை மொழி. ஞாயிற்றுக்கிழமை பிரெஞ்சு வகுப்புக்கு ஆசிரியர் தேடிக்கொண்டிருக்கிறோம். புதுச்சேரிக்காரர் யாராவது முன்வந்தால் பேருந்துக் கட்டணமும் மதியச் சாப்பாடும் எங்கள் செலவு.