வரவெல்லாம் விற்பனையா?

பெங்களூர் அவென்யூ ரோட்டு நடைபாதையில் பழைய பாடப்புத்தகங்கள் விற்பவர்கள் உண்டு. பி.காம். மாணவர்கள் பரீட்சை முடிந்ததும் எடைக்குப் போடுவதுபோல் இங்கே போட்டுவிட்டுப் போகிறார்கள். அடுத்த ஆண்டு மாணவர்கள் பாதி விலைக்கு வாங்கிப்போகிறார்கள். 2025 ஜூலையில் அங்கே ஒரு கணக்குப் பதிவியல் பயிற்சிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, பணம் கட்டக் கைபேசியை நீட்டினேன். கடைக்காரர் தலையாட்டினார். கியூ.ஆர். அட்டையின் மேல் ஒரு காகிதத்தை ஒட்டி மறைத்திருந்தார். "கேஷா குடுத்துடுங்க சார். எல்லாருக்கும் நோட்டீஸ் வருதாம்" என்றார்.

அச்சிட்ட புத்தகங்களுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. புத்தகம் மட்டுமே விற்கிறவர், எத்தனை லட்சத்துக்கு விற்றாலும், சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. இதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் சொன்னதையும் அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

அந்த மாதம் நகரம் முழுவதும் அப்படித்தான் இருந்தது. கர்நாடக வணிக வரித்துறை, 2021-22 முதல் 2024-25 வரை யு.பி.ஐ. வழியே வந்த தொகைகளைப் பார்த்து, பதிவு வரம்பைத் தாண்டியதாகத் தோன்றிய ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியிருந்தது. பொருள் மட்டும் விற்பவர்களுக்கு ஆண்டுக்கு 40 லட்சம், சேவை தருபவர்களுக்கு 20 லட்சம் என்பது வரம்பு. பேக்கரிகள், டீக்கடைகள், காண்டிமென்ட்ஸ் கடைகள் என்று ஒவ்வொன்றாக 'யு.பி.ஐ. இல்லை, ரொக்கம் மட்டும்' என்ற சீட்டு முளைத்தது. இந்தியாவிலேயே கைபேசிப் பணத்துக்கு முதலில் பழகிய நகரங்களில் ஒன்று, பத்து ரூபாய் சில்லறைக்குத் தடுமாறியது. ஜூலை 25-ம் தேதி கடையடைப்பு என்று வியாபாரிகள் அறிவித்தார்கள். மத்திய அரசைச் சேர்ந்தவர்களும் மாநில அரசைச் சேர்ந்தவர்களும் வழக்கம்போல் ஒருவரையொருவர் கைகாட்டினார்கள். 23-ம் தேதி முதல்வர் சித்தராமையா வியாபாரிகளைச் சந்தித்தார். வரிவிலக்கு உள்ள பொருள்களை விற்பவர்களுக்கு வரி இல்லை, பழைய பாக்கி கேட்கப்படாது, ஆனால் இனிமேல் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற உறுதியுடன் பிரச்சினை அடங்கியது.

அரசியல் அத்துடன் முடிந்தது. கணக்கு முடியவில்லை. என் அக்கறை கணக்கில்தான்.

நோட்டீஸ்களில் அதிகம் பேசப்பட்டது பெங்களூரில் கொடுக்கப்பட்டதல்ல. ஹூப்ளி போகும் வழியில் இருக்கும் ஹாவேரியில் ஒரு காய்கறி வியாபாரிக்கு வந்தது. நான்கு ஆண்டுகளில் அவருக்கு வந்த தொகை 1 கோடியே 63 லட்சம்; அதற்குக் கேட்கப்பட்ட வரி 29 லட்சம். ஒரு சிறு வகுத்தல் போட்டுப் பாருங்கள்: ஏறக்குறைய 18 சதவீதம் வரும். பச்சைக் காய்கறிக்கு வரி விகிதம் பூஜ்யம். அதாவது என்ன விற்றார் என்று கேட்காமலே, வந்த மொத்தத் தொகையையும் 18-ஆல் பெருக்கியதுபோல் இருக்கிறது அந்த எண். இவை இறுதி வரி உத்தரவுகள் அல்ல, விளக்கம் கேட்கும் கடிதங்கள்தான் என்று துறை பிறகு சொன்னது. உண்மையாகவே இருக்கட்டும். 29 லட்சம் என்று எழுதிய காகிதத்தைக் கையில் வாங்குபவருக்கு அந்த வேறுபாடு அன்று இரவு தூக்கத்தைக் கொடுத்திருக்காது.

நான் வாங்கிய புத்தகத்தை வீட்டில் புரட்டினேன். எல்லாப் பயிற்சிக் கணக்குகளும் ஒரே அச்சில் வார்த்தவை. 'மார்ச் 31 அன்று ராமின் இருப்பாய்வு வருமாறு' என்று தொடங்கும். தேவையான எண்கள் எல்லாம் இருக்கும். தேவையில்லாத எண் ஒன்றுகூட இருக்காது. மாணவன் செய்ய வேண்டியது அவற்றைப் பற்றிலும் வரவிலும் சரியாக எடுத்துவைப்பது மட்டுமே. இரண்டு பக்கமும் சமமானால் நிம்மதி.

ஒரே ஓர் அத்தியாயம்தான் வேறு மாதிரி. ஆங்கிலப் புத்தகங்களில் 'சிங்கிள் என்ட்ரி' என்பார்கள். தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் 'முழுமை பெறா பதிவேடுகளிலிருந்து கணக்குகள்'. வியாபாரியிடம் பேரேடு இல்லை. ரொக்கப் புத்தகமும் சில துண்டுச் சீட்டுகளும் மட்டும் உண்டு. அதிலிருந்து விற்பனையையும் லாபத்தையும் மாணவன் தோண்டி எடுக்க வேண்டும். மனைவியின் நகையை விற்றுக் கடையில் போட்ட பணம், மைத்துனரிடம் வாங்கிய கடன் என்று வரவுப் பக்கத்தில் நடுநடுவே பொறிகள் வைத்திருப்பார்கள். அவற்றை விற்பனையோடு கூட்டுபவனுக்கு மதிப்பெண் போகும். மாணவர்களுக்குப் பிடிக்காத அத்தியாயம் இது. பலர் 'சாய்ஸில்' விட்டுவிடுவார்கள். ஆனால் நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலானவை இந்த அத்தியாயத்தில்தான் வாழ்கின்றன.

ஆகவே நானே ஒரு பயிற்சிக் கணக்கு எழுதிப் பார்த்தேன். கடையும் எண்களும் கற்பனை; விதிகள் நிஜம். ஆண்டு 2024-25. அல்சூரில் ஒரு சிறிய கடை. பால், சாதாரண பிரெட், பிஸ்கட், சோப்பு, ஷாம்பு விற்கிறார்கள். கடைக்காரரின் சொந்த சேமிப்புக் கணக்குக்கே யு.பி.ஐ. பணமும் வருகிறது. ஆண்டு முழுவதும் வந்தது 52 லட்சம். அதில் மைத்துனர் அனுப்பிய கடன் 3 லட்சம். சீட்டு எடுத்த பணம் 2.40 லட்சம். ஏ.டி.எம். தூரம் என்று ஐந்நூறும் ஆயிரமும் கைபேசியில் அனுப்பிவிட்டு ரொக்கமாக வாங்கிப்போன வாடிக்கையாளர்கள் கணக்கில் 4.60 லட்சம். இவை தவிர, யு.பி.ஐ.யில் வராமல் கல்லாவில் ரொக்கமாக விழுந்த விற்பனை 6 லட்சம். பால், பிரெட் விற்பனை 18 லட்சம். அது முழுக்க யு.பி.ஐ.யில் வந்தது என்று வைத்துக்கொள்வோம். கேள்வி: இவர் ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்திருக்க வேண்டுமா? வரி எவ்வளவு?

கடனும் சீட்டும் மாற்றிக் கொடுத்த ரொக்கமும் விற்பனை அல்ல. 52-இல் அந்த 10 லட்சத்தைக் கழித்தால் 42. ரொக்க விற்பனை 6-ஐச் சேர்த்தால் 48. பாலும் பிரெட்டும் வரியில்லாப் பொருள்கள். அதனால் 18-ஐயும் கழித்து 30 லட்சம்தானே, வரம்புக்குள் இருக்கிறாரே என்று தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். தப்பு. வரம்பைப் பார்க்கும்போது சட்டம் எடுத்துக்கொள்வது மொத்த விற்றுமுதலை. வரியில்லாப் பொருள்களும் அதில் சேரும். வரியில்லாப் பொருள் மட்டுமே விற்பவருக்குத்தான் பதிவிலிருந்து விலக்கு. பாலோடு ஒரு சோப்பும் விற்றால் பாலின் தொகையும் வரம்புக் கணக்கில் ஏறிவிடும். ஆகவே 48 லட்சம், பதிவு கட்டாயம். ஜூலையில் "நான் பால்தானே விக்கிறேன்" என்று வாதாடிய பலருக்குப் புரியாத இடம் இதுதான். எளிய வாக்கியத்தில் இதைச் சொல்லும் பலகையை எந்தச் சந்தையிலும் நான் பார்த்ததில்லை.

இனி வரி. அன்று பிஸ்கட்டுக்கும் சோப்புக்கும் ஷாம்புவுக்கும் 18 சதவீதம். (2025 செப்டம்பர் 22 முதல் இந்த மூன்றும் 5 சதவீதத்துக்கு இறங்கின.) 30 லட்சம் விற்பனை என்பது வரி உள்ளடங்கிய விலை. அதற்குள் இருக்கும் வரி 30-ஐ 118-ஆல் வகுத்து 18-ஆல் பெருக்கினால் கிடைப்பது: சுமார் 4.58 லட்சம். அந்தச் சரக்கை அவர் 27 லட்சத்துக்கு, வரியும் சேர்த்துக் கொடுத்து, வாங்கியிருந்தால் ஏற்கெனவே கட்டிய வரி சுமார் 4.12 லட்சம். பதிவு செய்தவராக இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு 46,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகக் கட்டினால் போதும். அல்லது 1.5 கோடிக்குள் விற்கும் சிறு வியாபாரிகளுக்கான தொகுப்பு வரித் திட்டத்தில் சேர்ந்திருந்தால், வரிக்குரிய விற்பனையில் 1 சதவீதம்: 30,000.

வரவு மொத்தத்தையும் எடுத்து 18 சதவீதம் போட்டால் வருவது எவ்வளவு தெரியுமா? 9.36 லட்சம்.

இதே கடையை வருமான வரித்துறை எப்படிப் பார்த்திருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் வேடிக்கை. அந்த ஆண்டுகளில் நடைமுறையில் இருந்த 1961-ம் ஆண்டுச் சட்டத்தின் 44ஏடி பிரிவு, இப்படிக் கணக்கு வைக்காத சிறு வியாபாரிகளுக்காகவே எழுதப்பட்டது. வங்கி வழியே வந்த விற்பனையில் 6 சதவீதம், ரொக்க விற்பனையில் 8 சதவீதம் லாபம் என்று காட்டினால் ஏற்றுக்கொள்ளும். 42 லட்சத்தில் 6 சதவீதம் 2.52 லட்சம், 6 லட்சத்தில் 8 சதவீதம் 48,000. மொத்தம் 3 லட்சம். கைபேசியில் பணம் வாங்கு, சலுகை தருகிறேன் என்று ஒரு துறை சொன்னது. ஆண்டு லாபம் 3 லட்சம் என்று அது ஏற்றுக்கொள்ளும் அதே கடையில் 9.36 லட்சம் வரி இருக்கலாம் என்று இன்னொரு கணக்கு சொல்கிறது. இரண்டும் ஒரே கைபேசி எண்ணிலிருந்து பிறந்தவை.

அரசை மட்டும் குறை சொல்லி முடித்துவிடலாம். அது நியாயமாகாது. என் கற்பனைக் கடைக்காரர் உண்மையிலேயே பதிவு செய்திருக்க வேண்டியவர். செய்யாமல் விட்டதால் அந்த 4.12 லட்சம் கழிவை அவர் கேட்க முடியாது. பின்தேதியிட்டுத் தொகுப்புத் திட்டத்திலும் சேர முடியாது. அது முன்கூட்டியே விருப்பம் தெரிவித்துச் சேர வேண்டியது. சட்டத்தைக் கறாராகப் பிடித்தால், வட்டியும் அபராதமும் நீங்கலாகவே 4.58 லட்சம் அவர் தலையில் விழும். அறியாமையின் விலை நாலு லட்சத்துக்கு மேல். தெரிந்தே மறைத்தவர்களும் அந்த ஆயிரக்கணக்கானவர்களில் இருந்திருப்பார்கள். ஆனால் கடனையும் விற்பனையையும் பிரித்துக் காட்டத் தெரியாதவரையும் விற்பனையை ஒளித்தவரையும் அந்த 52 லட்சம் என்ற ஒற்றை எண் ஒரே மாதிரிதான் காட்டும்.

புள்ளியியல் வகுப்பில் உட்கார்ந்தவர்கள் இன்னொரு கேள்வியும் கேட்டிருக்க வேண்டும். ஒரு கடையில் முதலாண்டு 40 லட்சம் விற்பனை, அதில் யு.பி.ஐ. 10 லட்சம். நான்காம் ஆண்டு விற்பனை 42 லட்சம், யு.பி.ஐ. 32 லட்சம். யு.பி.ஐ. வரிசையை மட்டும் பார்ப்பவருக்கு வியாபாரம் மூன்று மடங்குக்கு மேல் வளர்ந்ததாகத் தெரியும். வளர்ந்தது 5 சதவீதம். மாறியது வியாபாரமல்ல, பணம் வரும் வழி. அந்த நான்கு ஆண்டுகள், கொரோனாவுக்குப் பிறகு வாடிக்கையாளர்கள் கூட்டம் கூட்டமாகக் கைபேசிக்கு மாறிய ஆண்டுகள். இது தலைகீழாகவும் உண்மை: கியூ.ஆர். அட்டையே வைக்காமல் ஒரு கோடிக்கு விற்றவர் இந்த வலையில் விழவே இல்லை. மாதிரி எடுக்கும்போதே சாய்வு இருந்தால் மேற்கொண்டு எவ்வளவு துல்லியமாகக் கூட்டினாலும் பயனில்லை என்பதைத்தானே முதல் பருவத்தில் சொல்லித் தருகிறார்கள்?

முதல் பருவத்தில் சொல்லித் தரும் இன்னொன்று, தொழில் வேறு, முதலாளி வேறு என்பது. ஒரு வரிக் கோட்பாடு; ஒரு மதிப்பெண் கேள்வி. கடைக்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்து, சீட்டுப் பணத்தையும் மைத்துனர் கடனையும் வீட்டுக் கணக்கில் வாங்கியிருந்தால் என் கணக்கில் பாதிச் சிக்கல் இல்லை. பாலையும் சோப்பையும் நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பத்தியாக எழுதியிருந்தால் மீதிப் பாதியும் இல்லை. இதற்கு ஆடிட்டர் வேண்டாம். கல்லாவில் உட்காரும் பையன் பன்னிரண்டாம் வகுப்பில் இதைப் படித்துத்தான் இருப்பான்.

பெங்களூரில் பி.காம். சேரும் பிள்ளைகளில் எத்தனையோ பேரின் அப்பாக்கள் இப்படிப்பட்ட கடைகள் வைத்திருக்கிறார்கள். காலையில் ராமின் இருப்பாய்வைச் சமன் செய்துவிட்டு மாலையில் கல்லாவில் உட்காருகிறார்கள். ஆசிரியர்கள் ஒரு பருவத்துக்காவது ராமை விட்டுவிட்டு, பெயரை மறைத்த ஒரு நிஜக் கடையின் ஓராண்டு வங்கி அறிக்கையைக் கொடுத்து விற்றுமுதலைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். விடை ஒன்றாக வராது. யார் எதைக் கழித்தார்கள், ஏன் கழித்தார்கள் என்று வகுப்பில் சண்டை வரும். அந்தச் சண்டைக்கு இரண்டு வகுப்புகள் ஒதுக்கினால் போதும்.

என் கணக்கில் வேண்டுமென்றே ஒன்றை விட்டிருக்கிறேன். கடைக்காரர் வாசலில் ஒரு ஸ்டவ் வைத்து டீயும் போட்டால்? டீ போட்டுக் கொடுப்பது சட்டத்தின் கண்ணில் உணவகச் சேவை. வரம்பு 40-லிருந்து 20 லட்சத்துக்கு இறங்கிவிடும். தொகுப்புத் திட்டத்தின் 1 சதவீதமும் 5 ஆகிவிடும். பெங்களூரில் ஸ்டவ் இல்லாத காண்டிமென்ட்ஸ் கடை எத்தனை என்று வாசகர்கள் எண்ணிப் பார்க்கலாம்.