மழையின் இரைச்சல்

கந்தப்பளையில் பனிமூட்டம் இறங்கினால் எதிர் லயம் கண்ணுக்குத் தெரியாது. டிவி மட்டும் தெளிவாக ஓடும். ஒரு பாட்டம் மழை தகரத்தில் விழட்டும், படம் கட்டங்கட்டமாக உடைந்து நின்றுவிடும். டிஷ் ஆடிவிட்டதென்று யாராவது கூரையில் ஏறப் பார்ப்பார்கள். டிஷ் அசைந்திருக்காது. 12 கிகாஹெர்ட்ஸ் அலைக்குப் பனித்துளி ஒரு பொருட்டில்லை, மழைத்துளிதான் எதிரி.

பெங்களூருக்கு வெளியே பியாலாலு ஆழ்வெளி நிலையத்திலும் இதே கதைதான், அடிதான் பலமானது. சந்திரயான்-1க்காக இஸ்ரோ 2008இல் அங்கே 32 மீட்டர், 18 மீட்டர் அன்டெனாக்களை நிறுவியது. கிண்ணம் போன்ற நிலம். நகரத்து வானொலி இரைச்சலுக்குச் சுற்றியுள்ள மேடே வேலி. மழைக்கு வேலி ஏது?

நம்மில் பலர் மழையை நலிவுக் கணக்கோடு முடித்துவிடுகிறோம்: 1 டெசிபெல் என்றால் 1 டெசிபெல் கழிவு. ஆழ்வெளி நிலையத்துக்கு இந்தக் கணக்கு உதவாது. உறைகுளிரில் வைத்த பெருக்கியோடு மொத்த இரைச்சல் வெப்பநிலை 25 கெல்வின் என்று வையுங்கள். அலையை உறிஞ்சும் மழை தானும் கதிர்வீசும். 1 டெசிபெல் நலிவு இரைச்சலில் ஏறத்தாழ 55 கெல்வினைக் கூட்டிவிடும். 25 இருந்த இடத்தில் 80. இரைச்சல் ஏற்றத்தையும் நலிவையும் சேர்த்து மொத்த இழப்பு 6 டெசிபெல், தரவு வேகம் கால்பங்கு. லயத்து டிஷ் 100 கெல்வினில் இயங்கினால் அதே நலிவு 3 டெசிபெலோடு விட்டுவிடும். ஏற்பி எவ்வளவு நல்லதோ அவ்வளவுக்கு மழை வலிக்கும்!

இன்று 8.4 கிகாஹெர்ட்ஸில் சமாளிக்கிறோம். 32 கிகாஹெர்ட்ஸுக்குப் போனால் பலத்த மழையில் கிலோமீட்டருக்குச் சில டெசிபெல் போய்விடும். நாசாவின் கோல்ட்ஸ்டோன் நிலையம் பாலைவனத்தில் இருக்கிறது. நமக்கு வாய்த்தது பருவமழை. இங்கே இன்னும் பெரிய ஒற்றை அன்டெனாவுக்குச் செலவழிப்பதைவிட, மலைத்தொடரின் இருபுறமும் நடுத்தர அளவில் இரண்டு வைப்பதே புத்தி என்பது என் கட்சி. ஜூனில் மேற்கே ஹட்டன் நனையும்போது கிழக்கே பண்டாரவளையில் வறண்ட கச்சான் காற்று வீசுவதை மலையகத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்தக் கட்சியை நிறுவத் தரவு வேண்டும். தோட்டத்து மழைமானியைக் காலையில் ஒரு தடவை பார்த்து எழுதிவைக்கிறார்கள். எந்தப் பத்து நிமிடம் இணைப்பை அறுத்தது என்று அந்தக் குறிப்பேடு சொல்லாது. மழையளவையும் சமிக்ஞை வலுவையும் நிமிடவாரியாகச் சேர்த்துப் பதிந்துவைத்திருக்கும் வாசகர்கள் அவற்றை எங்களுக்கு அனுப்புங்கள். ஒரு பருவத்துக்கு உரியதானாலும் போதும்.