பழைய புரோகிராமைக் கேலி செய்யாதீர்கள்

கடைவீதியில் சில மண்டிகளில் இன்றைக்கும் இந்தக் காட்சி உண்டு. கல்லாவுக்குப் பக்கத்தில் தூசி படிந்த ஒரு கணினி, நீலத் திரை, கர்ர் கர்ரென்று பில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். உள்ளே ஓடுவது தொண்ணூறுகளில் யாரோ ஃபாக்ஸ்புரோவில் எழுதிக் கொடுத்த கணக்கு புரோகிராம். எழுதியவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறாரோ! "இதையா இன்னும் கட்டி அழுகிறீர்கள்?" என்று கேட்பது சுலபம். இருபது வருஷத்துக்கும் மேலாக ஒரு பைசா பிசகாமல் கூட்டிக் கொடுத்த புரோகிராம் ஐயா அது.

வினை எப்போது வருகிறது? பழைய கணினி படுத்துவிடும்போது. புதிதாக வாங்கிய கணினியில் அதே ஃபைல்களைப் போட்டு க்ளிக் செய்தால் விண்டோஸ் கையை விரித்துவிடுகிறது. டாஸ் காலத்து புரோகிராம்கள் 16 பிட். 32 பிட் விண்டோஸில் அவற்றை ஓட்ட என்டிவிடிஎம் என்ற பகுதி இருந்தது. 64 பிட் விண்டோஸில் அது கிடையாது. 2021ல் வந்த விண்டோஸ் 11, 64 பிட்டாக மட்டுமே வந்தது. ஆகவே கம்பாட்டிபிலிட்டி மோடை எத்தனை தடவை மாற்றிப் பார்த்தாலும் விரல்தான் வலிக்கும்.

மாற்று வழி இருக்கிறது. டர்போ சி லேப் பார்த்தவர்களுக்கு டாஸ்பாக்ஸ் தெரிந்திருக்கும். 2002ல் வந்த அது பழைய கேம்களுக்காகச் செய்யப்பட்டது. கணக்கைத் திறந்து பார்க்கலாம்; பிரிண்ட் எடுப்பதற்கு அதை நம்ப முடியாது. விடாஸ் என்பது அலுவலக புரோகிராம்களுக்கென்றே வந்தது, பிரிண்டரோடும் பேசும். எதில் ஓட்டினாலும் முதலில் மொத்த ஃபோல்டரையும் ஒரு பென் டிரைவில் நகல் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சரி, புரோகிராம் ஓடிவிட்டது. அப்புறம்? பலரும் அன்றைக்கே அதில் மறுபடி பில் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். இங்கேதான் தப்பு நடக்கிறது. இந்த மாதிரி ஓட்டுவது ஒரே ஒரு காரியத்துக்குத்தான் சரி: உள்ளே மாட்டிக்கொண்ட கணக்கை வெளியே எடுக்க. நல்ல வேளையாக ஃபாக்ஸ்புரோ கணக்கை டிபிஎஃப் ஃபைலாக வைக்கிறது. லிப்ரே ஆபீஸ் கால்க் இலவசமாகவே அதைத் திறக்கும். வேறு மென்பொருளில் பூட்டு போட்டு வைத்த கணக்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

பழைய கணக்கு எதற்கு என்பவர்கள் கூட்டு வியாபாரத்தை நினைத்துப் பார்க்கட்டும். கம்பெனிகள் எட்டு நிதியாண்டுக் கணக்கை வைத்திருக்க வேண்டும் என்கிறது 2013ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம். அண்ணன் தம்பி பிரியும்போது எட்டு வருஷம் எந்த மூலைக்கு? முதல் போட்டது யார், 1998ல் வீடு கட்டப் பணம் எடுத்தது யார் என்பதில் தொடங்கும் பேச்சு. மூலதனக் கணக்கின் இன்றைய பாக்கி முதல் நாளிலிருந்து சேர்ந்து வந்தது. நடுவில் பத்து வருஷம் திறக்கவில்லையென்றால் யார் குரல் பெரிதோ அவர் சொல்வதே கணக்கு.

பழைய கணினி இன்னும் ஓடுகிற கடைக்காரர்களுக்கு இத்தனை பாடு வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை சாத்தியிருக்கும்போது டிபிஎஃப் ஃபைல்களை நகல் எடுத்து, வருஷத்துக்கு ஒன்றாக டிரையல் பேலன்ஸை அதே டாட் மேட்ரிக்ஸில் அடித்து, புதிய கணினியில் வரும் தொகையோடு ஒத்துப் பார்த்துவிடலாம். ரிப்பன் மட்டும் புதிதாக வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.