புல்வெளிக் குறிப்புகள் – 7: மாமாவின் மொளைக்குச்சி

போன வாரம் தன்லியின்லேர்ந்து மாமா போன் பண்ணினார். (புதுசா வர்றவங்களுக்கு: யாங்கோனுக்கு எதிரே, பாகோ ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற எங்க ஊர். பழைய ஆட்கள் சிரியம்னு சொல்வாங்க.)

"மாப்ள, மழை கொட்டுது, ஆனா புல்லு ஏறவே மாட்டேங்குது. மூணு மாடும் பாலைக் குறைச்சிருச்சு. நீ அங்க புல்லைத்தானே படிக்கிற, ஒரு வழி சொல்லு."

விசாரிச்சா விஷயம் இதுதான். 2024 பிப்ரவரியில கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் மாமா பையன் தாய்லாந்து போயிட்டான். மாட்டைத் தூரமா ஓட்டிட்டுப் போக ஆள் இல்ல. அதனால மாமா வீட்டுப் பின்னாடி ஒரே மொளைக்குச்சியில, ஒரே இடத்துல தினமும் கட்டுறார்.

நான் படிக்கிற நியூசிலாந்து பாமர்ஸ்டன் நார்த்ல முதல்ல கத்துக்கொடுத்ததே இதுதான். மாடு கடிச்சதும் புல்லு தன் தூர்ல சேத்து வச்ச சர்க்கரையை எடுத்துத்தான் அடுத்த இலையை விடும். அந்த இலையையும் ரெண்டு மூணு நாள்ல மாடு கடிச்சிட்டா, சேமிப்பு காலி, வேரும் சுருங்கிடும். இங்க இருக்கிற ரைகிராஸ்ல ஒரு தண்டுக்கு உயிரோட மூணு இலைதான் நிக்கும். நாலாவது வந்தா முதல் இலை காஞ்சிடும். அதனால ரெண்டுக்கு மேல, மூணு இலை ஆகிற சமயத்துல மேய்க்கிறாங்க. மேய்ஞ்சு முடிச்சப்போ ஹெக்டேருக்கு சுமார் 1500 கிலோ உலர்ந்த எடை மிச்சம் நிக்கணும்னு தட்டு மீட்டர் வச்சு அளக்கிறாங்க.

அப்போ கம்மியா மேய்ச்சா நல்லதா? அதுவும் இல்ல. கடிக்காம விட்ட புல்லு தண்டாகி, கதிர் விட்டு, அடியில காஞ்சு போகும். பாக்கப் பச்சையா இருக்கும், மாட்டுக்குச் சத்து கம்மி. அதிகமா மேய்ச்சா அளவு போச்சு, கம்மியா மேய்ச்சா தரம் போச்சு!

பிரான்ஸ்ல ஆந்த்ரே வாசான்னு ஒருத்தர் 1950கள்லயே சொன்னது: புல்லு அழியறது மாட்டு எண்ணிக்கையால இல்ல, மாடு அங்க எவ்வளவு நாள் நிக்குது, எத்தனை நாள்ல திரும்பி வருதுங்கிறதாலதான். இது நமக்குப் புதுசும் இல்ல. காங்கேயம் பக்கம் கொறங்காட்டுல கிளுவை வேலி போட்டு, காட்டைப் பிரிச்சு, கொழுக்கட்டைப் புல்லுல மாட்டை மாத்தி மாத்தித்தானே மேய்ப்பாங்க.

மாமாகிட்ட சொன்னேன்: "மாமா, இங்கத்து இலைக் கணக்கு நம்ம ஊர்ப் புல்லுக்கு அப்படியே பொருந்தாது. ஆனா நாள் கணக்கு வச்சுப் பாருங்க. எட்டு இடத்துல மொளை அடிங்க. ஒவ்வொண்ணுலயும் மூணு நாள். அப்போ ஒரு இடத்துக்கு 21 நாள் ஓய்வு. புல்லு அதுக்கு முன்னாடியே முத்துதுன்னா சுத்தைக் கொஞ்சம் சுருக்கிக்கலாம். நவம்பருக்கு அப்புறம் மழை நின்னு புல்லு வளராது, அப்போ கட்ட வேணாம், வைக்கோல் போடுங்க. இப்ப சரியா போட்டிருக்க இடம் தரையோட தரையா இருக்கும், அதை முதல் சுத்துல விட்டுடுங்க."

கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம், "எட்டு எடமா? எனக்கு முட்டி வலிடா"ன்னார்.

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. மொளை மாத்துறதுக்குக்கூட ஒரு ஆள் வேணும். அந்த ஆள்ல ஒருத்தன் தாய்லாந்துல, ஒருத்தன் இங்க உக்காந்து பதிவு எழுதிட்டு இருக்கேன்.

நேத்து மறுபடி போன். நாலு மொளை அடிச்சிருக்காராம், ஒவ்வொண்ணுலயும் நாலு நாள். 12 நாள் ஓய்வு. கணக்குப்படி போதாதுதான். ஆனா பழைய இடத்துல இப்பவே பச்சை தெரியுதாம். சந்தோஷமா சொன்னார், நானும் திருத்தல.

தாராபுரம், காங்கேயம் பக்கத்துப் பதிவர்கள் யாராவது இருந்தா சொல்லுங்க மக்கா: உங்க வீட்டுப் பெரியவங்க, மாட்டை எப்போ அடுத்த காட்டுக்கு மாத்தணும்னு எதைப் பாத்து முடிவு பண்ணுவாங்க? மாமாவுக்குச் சொல்லணும் :-)