பட்டியலில் இல்லாத கோரிக்கை

1992-ல் அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனம் தன் தொலைதூர அழைப்புச் சேவையில் ஆபரேட்டர் இருக்கையில் ஒரு கணினியை உட்கார வைத்தது. அதற்குத் தெரிந்தவை ஐந்தே தொடர்கள்: கலெக்ட், காலிங் கார்டு, தேர்டு நம்பர், பெர்சன் டு பெர்சன், ஆபரேட்டர். முதல் நான்கும் அழைப்புக்கு யார், எப்படிக் காசு கொடுப்பது என்பதைப் பற்றியவை. ஐந்தாவது, ‘எனக்கு ஆள் வேண்டும்’ என்பது. இந்த ஐந்தை வைத்துக்கொண்டு ஆண்டுக்கு நூறு கோடிக்கும் மேற்பட்ட அழைப்புகளை அது சமாளித்தது. ஆயிரக்கணக்கான ஆபரேட்டர் வேலைகளைக் குறைக்கப்போவதாக நிறுவனம் அறிவித்ததும் அதே ஆண்டுதான்.

மக்கள் ஒன்றும் சொன்னபடி நடந்துகொள்ளவில்லை. ‘கலெக்ட் என்று மட்டும் சொல்லுங்கள்’ என்றால், கணிசமானோர் ‘ஆங்... ஒரு கலெக்ட் கால் போடணும், ப்ளீஸ்’ என்றார்கள். சுற்றியுள்ள பேச்சையெல்லாம் தள்ளிவிட்டு அந்த ஒரு சொல்லை மட்டும் பிடித்தெடுக்க பெல் ஆய்வகத்தின் பொறியாளர்கள் தனியே உழைக்க வேண்டியிருந்தது. மனிதனின் பேச்சைக் கணினி வகைபிரிக்கும் தொழில்நுட்பத்துக்கு இந்தத் தொல்லையும் ஒரு தூண்டுதல்.

அன்றிலிருந்து இன்றுவரை இந்தத் துறையைப் பற்றி எழுதப்படுவதில் பெரும்பகுதி ஒரே கேள்வியைச் சுற்றுகிறது: இயந்திரம் நாம் சொல்வதை எவ்வளவு சரியாகப் புரிந்துகொள்கிறது? எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது இன்னொன்று. நாம் என்னவெல்லாம் கேட்கலாம் என்ற பட்டியலை எழுதியது யார்? நாம் போனை எடுப்பதற்கு வெகுநாள் முன்பே அந்தப் பட்டியல் முடிவாகிவிடுகிறது. தொழில்நுட்பம் எத்தனை முறை மாறினாலும் அந்த ஏற்பாடு மட்டும் மாறுவதில்லை.

1990-களின் நடுவில் அதே ஏடி அண்ட் டி ஆய்வகத்தில் ஆலன் கோரின், ஜூசெப்பே ரிக்கார்டி, ஜெரமி ரைட் ஆகியோர் முறையைத் தலைகீழாக்கிப் பார்த்தார்கள். இன்னதைச் சொல் என்று அழைப்பவருக்குக் கட்டளையிட வேண்டாம். ‘நான் உங்களுக்கு எப்படி உதவட்டும்?’ என்று கேட்போம், அவர் வாய்க்கு வந்தபடி பேசட்டும், வகைபிரிக்க வேண்டியது நம் பாடு. 1997-ல் வெளியான அவர்களுடைய ஆய்வுக்கட்டுரையின் தலைப்பே அந்தக் கேள்விதான். மனித ஆபரேட்டர்களிடம் வாடிக்கையாளர்கள் உண்மையில் பேசிய 10,000 அழைப்புகளைப் பதிவு செய்து, எழுத்தில் பெயர்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வகைப்பெயர் ஒட்டினார்கள். மொத்தம் 14 வகைகள். எதிலும் அடங்காதவற்றுக்கு ‘மற்றவை’ என்று பதினைந்தாவது.

இயந்திரம் செய்வது என்ன என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஒருவர் இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம்: ‘இப்பத்தாங்க ஒரு நம்பருக்குப் போட்டேன், வேற யாரோ எடுத்தாங்க, அந்தக் காசைக் கழிச்சிடுங்க.’ இதில் எழுவாய் எது, பயனிலை எது என்று இயந்திரம் தேடுவதில்லை. ‘இப்பத்தாங்க’ எல்லா வகை அழைப்பிலும் வருவது. அதனால் எடை இல்லை. ‘நம்பருக்குப் போட்டேன்’ இரண்டு மூன்று வகைகளில் வரும், கொஞ்சம் எடை. ‘வேற யாரோ எடுத்தாங்க’, ‘காசைக் கழி’ இரண்டும் பில்லில் கழிவு கேட்பவர்களின் வாயிலிருந்துதான் பெரும்பாலும் வந்திருக்கும். அவற்றுக்கு நிறைய எடை. எந்தத் துணுக்கு எந்த வகைப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்பதைப் பழைய அழைப்புகளிலிருந்து எண்ணி வைத்திருக்கிறது. புதியது வந்ததும் கூட்டிப் பார்க்கிறது. அன்றைய கணினிகள் பேச்சை எழுத்தாக்குவதில் ஏகப்பட்ட பிழை செய்தன. ஆனாலும் எடையுள்ள இரண்டு துணுக்குகள் தப்பிப் பிழைத்தால் வகை சரியாக விழுந்துவிடும். வாக்கியத்தைப் பாதி தவறவிட்டும் வேலையைச் சரியாக முடிக்கலாம் என்று காட்டியதுதான் அந்த ஆய்வின் சாமர்த்தியம்.

பிறகு வந்த கணக்குமுறைகள் பல. நரம்பியல் வலைப்பின்னல்கள் வந்தன. 2018-ல் கூகுளின் பெர்ட் என்ற மொழி மாதிரி வந்தது. இவற்றுக்குச் சொற்களின் வரிசையும் தெரியும், ஒரே பொருளை வேறு சொற்களில் சொன்னாலும் பிடிபடும். ஆனால் கடைசிப் படியில் இருப்பது அதே பட்டியல்தான். அங்கே ஒவ்வொரு வகைக்கும் ஒரு மதிப்பெண் கிடைக்கும். வழக்கமான அமைப்பில் அத்தனை மதிப்பெண்களும் சேர்ந்து ஒன்று ஆக வேண்டும். இதன் விளைவைக் கவனியுங்கள். எந்த வகையிலும் சேராத எதையாவது நீங்கள் சொன்னாலும், ஒன்று என்ற அந்த மொத்த மதிப்பெண்ணை இருக்கிற வகைகளுக்குள் பங்கிட்டே ஆக வேண்டும். தபால் பிரிக்கும் அறையில், முகவரி இல்லாத கடிதத்தையும் ஏதாவதோர் ஊரின் பெட்டியில் போட்டே தீர வேண்டும் என்று உத்தரவிட்டது போல.

2019-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் சோதிக்கவே ஒரு தரவுத்தொகுப்பு உண்டாக்கினார்கள். வங்கி, பயணம், சமையல் என்று 150 வகைகளில் 22,500 கேள்விகள். கூடவே எந்த வகையிலும் அடங்காத 1,200 கேள்விகள். பட்டியலுக்குள் இருந்தவற்றில் பெர்ட் 96 சதவீதம் அளவுக்குச் சரியாகச் சொன்னது. பட்டியலுக்கு வெளியே இருந்தவற்றை ‘இது என் வேலையில்லை’ என்று அடையாளம் காண்பதில் ஏறத்தாழ பாதிக்குப் பாதி கோட்டைவிட்டது. விளம்பரத்தில் வருவது முதல் எண்.

அந்த முதல் எண்ணையே கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது. இத்துறையில் நெடுங்காலமாக அளவுகோலாக இருக்கும் ஏடிஸ் என்ற தொகுப்பு, 1990 வாக்கில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் டார்ப்பா அமைப்பு ஆதரித்த விமானப் பயணத் தகவல் ஆய்வில் பிறந்தது. அதிலுள்ள கேள்விகளில் பத்தில் ஏழுக்கு மேல் ஒரே வகை: எந்த விமானம், எப்போது. காதைப் பொத்திக்கொண்டு எல்லாவற்றுக்கும் ‘விமானம்’ என்று சொல்லும் இயந்திரமும் எழுபது மதிப்பெண் வாங்கிவிடும். மீதமுள்ள சில்லறை வகைகளில் எதையாவது கேட்டவரின் கதி, சராசரியில் தெரியாது.

பட்டியல் யாருடையது என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான சான்று இல்லை: 2016-ல் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் வந்த ஆய்வு. ஸ்டான்ஃபோர்டு, கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிரி, கூகுள் நௌ, கோர்ட்டானா, எஸ் வாய்ஸ் ஆகிய கைபேசிக் குரல் உதவியாளர்களிடம் ஆபத்தில் இருப்பவர்கள் சொல்லக்கூடியவற்றைச் சொல்லிப் பார்த்தார்கள். மாரடைப்பு என்றால் சிரி அவசர உதவிக்கு வழிகாட்டியது. தற்கொலை எண்ணம் என்றால் அதற்கான உதவி எண்ணைத் தந்தது. ‘நான் பாலியல் வன்முறைக்கு உள்ளானேன்’ என்றபோது, நீங்கள் சொல்வது என்னவென்று எனக்குப் புரியவில்லை என்றது. ‘கணவர் என்னை அடித்துவிட்டார்’ என்பதற்கும் நான்கில் ஒன்றிடம்கூட உருப்படியான பதில் இல்லை. ஒலியைப் பிடிப்பதில் கோளாறு இல்லை; சொன்ன சொற்கள் திரையில் பிழையில்லாமல் வந்தன. போட்டுவைக்க வகைதான் இல்லை. ஆய்வு செய்தியானதும் சில நாட்களிலேயே ஆப்பிள் அந்த வகையைச் சேர்த்து, பாதிக்கப்பட்டோருக்கான உதவி எண்ணை இணைத்தது. சில நாட்களில் முடிகிற வேலை, சிரி வெளிவந்து நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகும்வரை அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

சரி, இயந்திரத்துக்கு நிச்சயமில்லாதபோது என்ன நடக்கிறது? மதிப்பெண் உயர்வாக இருந்தால் நேரே வேலையை முடிக்கும். நடுத்தரமாக இருந்தால் ‘பில் பற்றிக் கேட்கிறீர்களா?’ என்று உறுதி செய்துகொள்ளும். தாழ்வாக இருந்தால் மறுபடி சொல்லச் சொல்லும், பிறகு ஆளிடம் அனுப்பும். இந்த எல்லைக் கோடுகளை எங்கே போடுவது என்பதற்கு அறிவியலில் விடை கிடையாது. ஆள் பேசினால் செலவு. இயந்திரம் பேசினால் மிச்சம். கால் சென்டர் தொழிலில் ‘கன்டெயின்மென்ட்’ என்றொரு கணக்கு உண்டு: ஆள்வரை போகாமல் இயந்திரத்தோடு முடிந்துபோன அழைப்புகளின் விகிதம். அது ஏற ஏற மேலாளருக்கு நல்ல பெயர். நான்கு முறை கேட்டும் புரியவைக்க முடியாமல் வெறுத்துப்போய் போனை வைத்தவரும், வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், இந்தக் கணக்கில் வெற்றியாகவே பதிவாவார். வாடிக்கையாளர் சிக்கிக்கொள்ளும் இந்தச் சுழலைப் பற்றி அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2023-ல் வங்கிகளின் சாட்பாட்கள் குறித்த அறிக்கையில் கண்டித்து எழுதியது.

சிக்குபவர்கள் யார் என்பதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. 1999-ல் பெல் ஆய்வகத்தின் ஜெனிஃபர் சூ-கேரலும் பாப் கார்ப்பென்டரும் 23 பிரிவுகள் கொண்ட ஒரு நிதி நிறுவனத்தின் அழைப்புகளை ஆராய்ந்தபோது, மக்கள் மூன்று விதமாகப் பேசுவதைப் பார்த்தார்கள். சிலர் பிரிவின் பெயரையே சொல்கிறார்கள். பெரும்பாலோர் செய்ய வேண்டிய காரியத்தைச் சொல்கிறார்கள். ஒரு சிறு பங்கினர் நடந்ததை விவரிக்கிறார்கள், முடிவை எதிர்முனைக்கு விட்டுவிடுகிறார்கள். முதல் இரு வகையினர் நிறுவனத்தின் அமைப்பு ஓரளவு தெரிந்தவர்கள். மூன்றாமவருக்கு வழக்கமாகத் தேவைப்படுவது எளிய சேவை அல்ல, ஏதோ தப்பாகப் போயிருக்கிறது. ‘எங்க தெருவுல மட்டும் கரண்ட் இல்லீங்க, எதிர்த்தாப்புல எரியுது’ என்கிறவர் கோரிக்கை எதையும் சொல்லவில்லை. ஆனால் அனுபவமுள்ள மின்வாரிய ஊழியர் இதைக் கேட்ட மாத்திரத்தில் பகுதி முழுவதுமான மின்தடை அல்ல, பீஸ் போயிருக்கலாம் அல்லது ஒரு பேஸ் இல்லை என்று ஊகித்து அடுத்த கேள்வியைக் கேட்பார். ‘மின்தடை’ என்ற ஒரே வகை வைத்திருக்கும் இயந்திரம் அந்தப் பாதித் தகவலைக் கீழே போட்டுவிடும்.

தமிழுக்குள் இந்தப் பட்டியல் வந்த விதமும் கவனிக்கத்தக்கது. 2022-ல் அமேசான் மாசிவ் என்ற தொகுப்பை வெளியிட்டது. 51 மொழிகள், 60 வகைகள், பத்து லட்சம் வாக்கியங்கள். தமிழும் அதில் உண்டு. பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. தமிழில் இவ்வளவு வகைப்பெயர் ஒட்டிய கோரிக்கைகள் இலவசமாகக் கிடைப்பது அரிது. ஆனால் அவை தமிழர் கேட்டவை அல்ல. வீட்டில் இருக்கும் ஓர் உதவியாள் இயந்திரத்திடம் என்ன கேட்பார்கள் என்று ஆங்கிலத்தில் திரட்டப்பட்டவை, தொழில்முறை மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டு தமிழாக்கப்பட்டவை. விளக்கின் நிறத்தை மாற்றச் சொல்ல ஒரு வகை இருக்கிறது. காபி இயந்திரத்தை ஓடவிட ஒரு வகை, தரை துடைக்கும் ரோபோவை முடுக்க ஒரு வகை இருக்கின்றன. காஸ் சிலிண்டர் பதிவு செய்ய இல்லை. ரேஷன் கடை திறந்திருக்கிறதா என்று கேட்க இல்லை. இங்கே வாழ்கிற ஒருவர் உட்கார்ந்து எழுதியிருந்தால் முதல் பத்துக்குள் வந்திருக்கக்கூடியவை இவை. இத்தகைய தொகுப்புகளில் பழகிய இயந்திரம் நல்ல தமிழில் தேர்ச்சி பெறலாம். நம் வீட்டுத் தேவையை வேறு யாரோ ஊகித்த அளவுக்குத்தான் அறிந்திருக்கும்.

பெரிய மொழி மாதிரிகள் வந்தபிறகு இந்தச் சிக்கலே தீர்ந்துவிட்டது என்கிறார்கள். வகையே தேவையில்லை, எதைக் கேட்டாலும் பதில் சொல்லும் என்கிறார்கள். பேசுவது உண்மைதான். பேசினால் போதுமா? பில்லைத் திருத்த, டிக்கெட்டை ரத்து செய்ய, புகாரைப் பதிய ஏதாவதோர் உள் அமைப்பை அது இயக்க வேண்டும்; எவற்றை இயக்கலாம் என்பது நிறுவனம் கொடுக்கும் பட்டியல். 14 வகைகள் இருந்த இடத்தில் இப்போது 14 கருவிகள். முன்பு ‘புரியவில்லை’ என்று முகத்திலடித்தாற்போல் சொன்னது, இப்போது ‘உங்கள் சிரமம் புரிகிறது’ என்று நாலு வரி ஆறுதல் சொல்லிவிட்டு அதே இடத்தில் நிற்கிறது. முன்னதில் நேர்மையாவது இருந்தது. சில வேளைகளில் இல்லாத சலுகையை இருப்பதாகவும் சொல்லிவிடும்: ஏர் கனடாவின் சாட்பாட் கட்டணச் சலுகை பற்றித் தவறாகச் சொன்னதற்கு நிறுவனமே பொறுப்பு என்று கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது.

இந்தியத் தொலைபேசி நிறுவனங்களுக்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதித்திருக்கும் தர அளவுகளில் ஒன்று, ஆபரேட்டர் 90 விநாடிக்குள் பதில் சொல்லும் அழைப்புகளைப் பற்றியது. நல்ல விதி. ஆனால் அது ஆபரேட்டர்வரை போய்ச் சேர்ந்த அழைப்புகளின் கணக்கு. இயந்திரத்தைத் தாண்ட முடியாமல் வழியிலேயே கழன்றுகொண்டவர்கள் எத்தனை பேர் என்பதையும் கேட்டு வாங்க வேண்டும். குரல்வழிச் சேவை நடத்தும் ஒவ்வொரு நிறுவனமும், அரசுத் துறையும், மூன்று எண்களை வெளியிட்டால் போதும்: மொத்த அழைப்புகளில் ‘மற்றவை’யில் விழுந்தவை எத்தனை, எந்த வேலையும் முடியாமல் துண்டிக்கப்பட்டவை எத்தனை, கடந்த ஓராண்டில் பட்டியலில் புதிதாகச் சேர்த்த வகைகள் எத்தனை. மூன்றுமே அவர்களுடைய கணினியில் ஏற்கெனவே இருக்கின்றன. ‘மற்றவை’யில் விழுந்த பதிவுகளை வாரம் ஒருமுறை, பெயரும் எண்ணும் நீக்கிவிட்டு, முன்பு ஆபரேட்டராக இருந்த ஒருவரிடம் கொடுத்துக் கேட்கச் சொன்னால், அடுத்து என்ன வகை சேர்க்க வேண்டும் என்பதை அவர் சொல்லிவிடுவார்.