திரும்பி வராத வினாப்பட்டியல்

ஆய்வுக்குப் பஞ்சமில்லாத ஊர் திருப்பூர். பின்னலாடை ஏற்றுமதியின் வளர்ச்சி, பெண் தொழிலாளரின் நிலை, நொய்யலின் மாசு, நிலத்தடி நீரில் ஏறிய உப்பு, புலம்பெயர்ந்து வந்தோரின் குடியிருப்பு, பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் என எத்தனையோ தலைப்புகளில் இவ்வூர் ஆராயப்பட்டுள்ளது. பொருளியலார் வந்தனர், சமூகவியலார் வந்தனர், சுற்றுச்சூழல் அறிவியலார் பாட்டில்களில் கிணற்று நீரை எடுத்துச் சென்றனர், கல்வியியல் மாணவர்கள் பள்ளிப் பதிவேடுகளைப் புரட்டினர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு வினாப்பட்டியல் இருந்தது. பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் முடித்துக் களைத்து வீடு திரும்பிய பெண், தன் வயதையும் சாதியையும் கூலியையும் கடனையும் முன்பின் அறியாத ஒருவரிடம் ஒளிக்காமல் சொன்னாள். வினாப்பட்டியல் நிரம்பியது. அதைக் கொண்டுசென்றவருக்குப் பட்டம் கிடைத்தது. சொன்னவளுக்கு என்ன கிடைத்தது?

இக்கட்டுரை ஆய்வுக்கு எதிரானதன்று. ஆய்வே வேண்டாம் என்பவர், ஏழையின் துயரம் அளக்கப்படாமலே கிடக்கட்டும் என்று சொல்பவருக்குத் துணைபோகிறவர். நம் வழக்கு வேறு. மக்களிடமிருந்து பெற்ற அறிவை மக்களிடம் திருப்பிக் கொடுக்காத ஆய்வு, வாங்கிய கடனைத் திருப்பாத செயலாகும். அதை மறதி என்றோ நேரமின்மை என்றோ சொல்லித் தட்டிக்கழிக்க இயலாது. அது நீதிக்கு மாறானது.

அறிந்தவை யாவை?

நம் ஊரைப் பற்றி உலகம் அறிந்திருப்பவற்றுள் சிலவற்றைப் பாருங்கள். 1984 இல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர்த் தொழிலாளர் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். அதன் பின்விளைவுகளையும், உழவரும் தொழிலாளருமாக இருந்து முதலாளிகளானவர்கள் தங்கள் ஏற்றத்துக்கு ‘உழைப்பு’ என்னும் ஒரு சொல்லையே காரணமாகக் காட்டியதையும், அந்தச் சொல்லுக்குள் மறைந்து நிற்கும் சாதி உறவுகளையும் பிறர் உழைப்பையும் ஷரத் சாரி என்னும் ஆய்வாளர் விரிவாக ஆராய்ந்தார். அந்நூல் 2004 இல் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பதிப்பாக ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ஜூடித் ஹேயர் 1981-82 இல் கோவை மாவட்டக் கிராமங்களை ஆராய்ந்தார்; 1996 இலும், பின்னர் 2008-09 இலும் அதே கிராமங்களுக்குத் திரும்பிவந்து, கூலி வேலை செய்யும் தலித் குடும்பங்களின் வாழ்வில் மாறியது எது, மாறாதது எது என்று பதிவு செய்தார். கால் நூற்றாண்டுக்கு மேலாக ஒரே மக்களைப் பின்தொடர்ந்த அந்தப் பொறுமை போற்றத்தக்கது.

சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் கீர்ட் டி நெவ், கிரேஸ் கார்ஸ்வெல் ஆகிய இருவரும் திருப்பூரைச் சுற்றியுள்ள இரு கிராமங்களை ஒப்பிட்டனர். ஒன்றில் தலித் இளைஞர்கள் பனியன் கம்பெனி வேலைக்குச் சென்று, ஊர்க் கட்டுப்பாட்டிலிருந்து ஓரளவேனும் விலகி நிற்க முடிந்தது. மற்றொன்றில் அவர்கள் விசைத்தறி முதலாளியிடம் வாங்கிய முன்பணத்தால் கட்டுண்டு கிடந்தனர். ஒரே வட்டாரம், ஒரே காலம். விடுதலையும் தளையும் சில கல் தொலைவில்! விசைத்தறிக் கூடத்தில் முன்பணத்தால் கட்டுண்டு கிடப்பவருக்கு இதைவிடப் பயனுள்ள செய்தி வேறு உண்டா? ஆனால் அச்செய்தி அவருடைய மொழியில் இல்லை. ஊர்ப் பெயர்களும் மாற்றி எழுதப்பட்டுள்ளன. பெயரை மறைப்பது ஆய்வு அறம். தகவல் சொன்னவருக்கு அது பாதுகாப்பு. அதில் நமக்கு மறுப்பில்லை. ஆயினும் அதன் விளைவையும் எண்ண வேண்டும்: தன்னைப் பற்றிய கட்டுரை கைக்குக் கிடைத்தாலும், அது தன் ஊர்தான் என்று அவரால் அடையாளம் காண முடியாது. இந்நிலையில் ஆய்வாளர் தாமே வந்து சொன்னாலன்றி வேறு வழி ஏது?

நொய்யல் கற்பித்த பாடம்

ஆய்வு மக்களோடு கைகோத்தால் என்ன நிகழும் என்பதற்கும் இதே மண்ணில் சான்று உண்டு. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேரும் நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை கட்டப்பட்டு 1992 இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஏறத்தாழ 20,000 ஏக்கர் நிலம் பயன்பெறும் என்பது திட்டம். தேங்கியதோ சாயக்கழிவு. பருத்தித் துணியில் சாயம் பிடிப்பதற்காகக் கொட்டப்படும் உப்பு, சுண்ணாம்பும் இரும்பு உப்பும் இட்டுச் செய்யும் தொடக்கநிலைச் சுத்திகரிப்பால் நீங்குவதில்லை. நிறம் தெளிந்தது, உப்பு ஆற்றோடு போயிற்று. அணையைத் திறந்துவிடுங்கள் என்று கேட்க வேண்டிய உழவர்கள், அந்த நீர் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லும் நிலை வந்தது.

உழவர்கள் நீதிமன்றம் சென்றனர். தென்னை காய்ந்ததும், மாடு நீரைக் குடிக்க மறுத்ததும், கிணறு உவர்த்ததும் அவர்கள் அறிந்த உண்மைகள். ஆனால் நீதிமன்றம் அளவு கேட்கும். அந்த அளவை அறிவியலார் தந்தனர். ஆற்றில் விடப்படும் கழிவுநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்னும் வரம்பு ஒருபுறம், கிணறுகளில் எடுத்த அளவுகள் மறுபுறம். சென்னைப் பொருளியல் பள்ளியின் பால் அப்பாசாமி, பிரகாஷ் நெல்லியாட் முதலியோர், சாயக்கழிவால் வேளாண்மைக்கும் மீன்வளத்துக்கும் குடிநீருக்கும் நேர்ந்த இழப்பைப் பணமதிப்பில் கணக்கிட்டனர். 2006 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறலாகாது என்று ஆணையிட்டது. 2009 அக்டோபரில் உச்சநீதிமன்றம், கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறியை உறுதி செய்தது. ஆணை நிறைவேறாத நிலையில், 2011 ஜனவரி 28 அன்று எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அந்த மூடலில் வேலையிழந்த கூலித் தொழிலாளரின் துயரத்தை மறக்கலாகாது. ஆற்றைக் கெடுத்தது அவர்கள் அல்லர். ஆனால் தண்டனையில் பங்கு அவர்களுக்கும் வந்தது.

இவ்வழக்கின் பாடம் தெளிவானது. உழவரின் கண்ணீர் மட்டும் இருந்திருந்தால் அது மனுவாகவே நின்றிருக்கும். ஆய்வாளரின் எண்கள் மட்டும் இருந்திருந்தால் அவை நூலகத்தில் உறங்கியிருக்கும். இரண்டும் சேர்ந்தபோது அரசும் ஆலையும் பதில் சொல்ல நேர்ந்தது. ஆற்றுக்குக் கிடைத்த இந்தத் துணை, ஆற்றங்கரையில் பனியன் தைக்கும் பெண்ணுக்கு ஏன் கிடைக்கவில்லை?

கணிதமும் கல்வியும்

கணிதத்துக்கும் ஏழைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்பர். சென்னை ஐ.ஐ.டி.யின் கணிதப் பேராசிரியராக இருந்த வசந்தா கந்தசாமி அதற்கு விடையளித்தார். ‘ஆம்’, ‘இல்லை’ என்னும் இரண்டுக்கும் இடையில் நிற்கும் நிலைகளைக் கணக்கில் கொள்ள, 1965 இல் லாட்ஃபி ஸாடே வகுத்த ‘ஃபஸி’ கோட்பாட்டின் வழியில் அவர் சமூகச் சிக்கல்களை ஆராய்ந்தார். பிழைப்புக்காக ஊரை விட்டுச் சென்று எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளான ஊரகத் தமிழ்நாட்டுத் தொழிலாளரைப் பற்றிய அவருடைய நூல் 2004 இல் வந்தது. ‘ஏதோ கொஞ்சம்’, ‘சில சமயம்’, ‘சொல்லத் தெரியவில்லை’ என்று ஏழை பேசும் பேச்சையும் சான்றாக ஏற்கும் கணிதம் அது. கணிதமே இவ்வளவு இறங்கி வரக்கூடுமாயின், பிற துறைகள் எட்டி நிற்பதற்கு என்ன காரணம் சொல்ல முடியும்?

கல்வியின் நிலை இன்னும் வேதனை தருவது. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்னும் பெயரில், மூன்றாண்டு முடிவில் திருமணத்துக்கு மொத்தப் பணம் கிடைக்கும் என்று சொல்லி, வளரிளம் பெண்களை விடுதியில் அடைத்து வேலை வாங்கினர். 2011 மே மாதம் நெதர்லாந்தைச் சேர்ந்த இரு அமைப்புகள் இதைப் பற்றி விரிவான அறிக்கை வெளியிட்டன. ஐரோப்பியத் துணி வணிகர்கள் அதைப் படித்துப் பதைத்தனர், நல்லது. ஆனால் அதை முதலில் அறிய வேண்டியவர்கள், தரகர் வந்து கதவைத் தட்டும் தென் மாவட்டச் சிற்றூர்களின் பெற்றோர் அல்லவா? எட்டாம் வகுப்போடு நின்ற பெண்ணின் தாய்க்கு எட்டாத அறிவு, அந்தப் பெண்ணை எப்படிக் காக்கும்? இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் நம் பள்ளி வாசலில் மொழி தெரியாமல் நிற்கின்றனர். 2010 முதல் நடைமுறையிலுள்ள கட்டாயக் கல்விச் சட்டம் அவர்களுக்கும் உரியது. அவர்களைப் பற்றியும் ஆய்வேடுகள் எழுதப்படுகின்றன. அவை வகுப்பாசிரியர் மேசைக்கு வரும் நாள் எந்நாள்?

சொல்லப்படும் சாக்குகள்

“ஆய்வேடுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றனவே” என்பர். 2009 ஆம் ஆண்டு விதிப்படி அவை ‘சோத்கங்கா’ என்னும் மின்களஞ்சியத்தில் வைக்கப்படுகின்றன என்பது உண்மை. நூற்றுக்கணக்கான பக்கங்களில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் அங்கே இருப்பதை, பவர் டேபிளில் குனிந்து தைப்பவரும் கைமடிப்பவரும் தேடிப் படிப்பார்களா? கதவைத் திறந்து வைத்துவிட்டுப் படிக்கட்டை எடுத்துவிட்டால் அதைத் திறந்த வீடு என்று யார் சொல்வார்?

“பல்கலைக்கழக விதிகள் அழுத்துகின்றன” என்பர். இதில் உண்மை உண்டு. ஆய்வேட்டுக்கு முன்பே இதழ்களில் கட்டுரை வெளியிட வேண்டும் என்று 2016 விதி கட்டாயப்படுத்தியது. அதற்கேற்பப் போலி இதழ்களும் பெருகின. 2018 மே மாதம் பல்கலைக்கழக மானியக்குழு தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்க நேர்ந்தது. 2022 இல் அக்கட்டாயமே கைவிடப்பட்டது. இத்தனை திருத்தங்களுக்கிடையே, ஆராயப்பட்ட மக்களுக்கு முடிவைச் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. இளம் ஆய்வாளரைக் குறை சொல்வதற்கு முன் இந்த விதிகளை வகுத்தவர்களைக் கேட்க வேண்டும்.

“தமிழில் எழுதினால் நுட்பம் போய்விடும்” என்பர். கத்தோலிக்கர் இதைக் கேட்டு வாளாவிருக்கலாகாது. 1578 இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழில் அச்சேறியது. 1732 இல் வீரமாமுனிவர் சதுரகராதி தந்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் வழிபாட்டில் மக்கள் மொழிக்கு வாயில் திறந்தது. பன்னூறு ஆண்டுகள் இலத்தீனில் நிகழ்ந்த திருப்பலியே தமிழுக்கு வந்து, அதன் மாண்பில் ஒன்றும் குறையவில்லை. ஒரு கூலிக் கணக்கும் ஒரு கிணற்று நீரின் உப்பளவும் தமிழுக்கு வந்தால் மாண்பு குறைந்துவிடுமோ?

நம் வீட்டுக் கணக்கு

பிறரைக் குறை சொல்லும் நாம் நம் முற்றத்தையும் பார்ப்போம். தமிழகத்தில் திருச்சபை நடத்தும் கல்லூரிகள் பல. அவற்றில் ஆய்வு மையங்களும் உண்டு. கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களைப் பற்றித் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1990 ஆகஸ்ட் 15 அன்று வெளியிட்ட ஆவணம், மனித மாண்பு, நீதி, இயற்கைப் பாதுகாப்பு, வளங்களின் நேரிய பங்கீடு ஆகியவற்றை ஆய்வின் பொருளாக்கச் சொன்னது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015 இல் வெளியிட்ட ‘இறைவா, உமக்கே புகழ்’ சுற்றுமடல், சுற்றுச்சூழலைப் பாதிக்கும் திட்டங்களைப் பற்றிய கலந்தாய்வில் அந்தந்த வட்டார மக்களுக்குத் தனியிடம் வேண்டும் என்று வற்புறுத்தியது. இவ்விரு ஆவணங்களையும் மேற்கோள் காட்டாத கருத்தரங்கு நம்மிடையே இல்லை. கடைப்பிடித்த துறைகள் எத்தனை?

நாம் கேட்பது பெரிதன்று. நம் கல்லூரிகளில் ஏற்கப்படும் ஒவ்வொரு கள ஆய்வுக்கும் பத்துப் பக்கத்தில் எளிய தமிழ்ச் சுருக்கம் வேண்டும். இறுதி வாய்மொழித் தேர்வுக்கு முன், ஆராயப்பட்ட ஊரிலேயே, பங்கு மன்றத்திலோ ஊராட்சிக் கூடத்திலோ அதைப் படித்துக் காட்ட வேண்டும். “இது தவறு, எங்கள் நிலை இப்படியன்று” என்று மறுத்துச் சொல்லும் உரிமை அம்மக்களுக்கு இருக்க வேண்டும். அந்த மறுப்பும் ஆய்வேட்டில் இடம்பெற வேண்டும். முதலாளி பழிவாங்குவார் என்ற அச்சம் இருப்பின் பெயரை மறைக்கலாம். கண்டறிந்த முடிவை மறைக்க அது காரணமாகாது.

பொதுநிலையினராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. வினாப்பட்டியலோடு வரும் இளைஞரை விரட்ட வேண்டா. நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, உண்மையைச் சொல்வோம். சொல்வதற்கு முன் நாமும் ஒரு வினா கேட்போம்: “தம்பி, இதன் முடிவைச் சொல்ல எப்போது திரும்பி வருவீர்கள்?” அன்பியக் கூட்டங்களில் இதை ஒரு பழக்கமாக்கினால், விதி செய்யாததை நம் வினா செய்யும்.

எரிகோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவனைக் குருவும் கண்டார், லேவியரும் கண்டார். இருவருக்கும் பார்வையில் குறையில்லை. காயங்கள் எத்தனை என்று கேட்டிருந்தால் ஒருவேளை சரியாகவே சொல்லியிருப்பர். சமாரியர் அருகில் வந்தார், காயத்தைக் கட்டினார். அத்துடன் நில்லாமல், மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சாவடிக்காரரிடம் வாக்களித்தும் சென்றார். கண்டு விலகியவர்களின் வரிசையில் நிற்பதா, திரும்பி வருவதாகச் சொன்னவரின் பக்கம் சேர்வதா என்பதை நம் கல்விக்கூடங்கள் முடிவு செய்யட்டும். சனிக்கிழமைக் கூலியை எண்ணிப் பார்த்து, அதில் எங்கே குறைந்தது என்று தெரியாமல் நிற்கும் அந்தப் பெண்ணுக்கு, அவள் சொன்ன விடைகள் இன்னும் கடனாக நிற்கின்றன.