வரப்போடு நின்றுபோன சட்டம்

பூச்சிக்கொல்லிக்கு நம்ம ஊரில் 'மருந்து' என்றுதான் பேர். மருந்தடிக்கப் போறான், மருந்துக் கடை, மருந்து குடிச்சிட்டா... எல்லாத்துக்கும் ஒரே சொல். காய்ச்சலுக்கு விழுங்குவதும் மருந்து, மாட்டுக்குப் போடுகிற ஊசியும் மருந்து, பருத்தியில் தெளிக்கிற நஞ்சும் மருந்து. பயிரின் பக்கம் நின்று பார்த்தால் அது மருந்துதான். பயிருக்குச் சொந்தக்காரன் பக்கம் நின்று பார்த்தாலும் மருந்துதான். பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு அந்தப் புகைக்குள் நடக்கிறவன் பக்கம் நின்று பார்த்தால் மட்டுமே அது நஞ்சு. ஆனால் பேர் வைக்கிற அதிகாரம் என்றைக்கும் அவனிடம் இருந்ததில்லை.

இப்போது நஞ்சைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். 'நஞ்சில்லா உணவு' என்று பலகை மாட்டிய கடைகள் நகரங்களில் பெருகிவிட்டன. நல்லதுதான், இருக்கட்டும். ஆனால் இந்தப் பேச்சு முழுக்கத் தின்கிறவனைப் பற்றியது. தக்காளியில் எச்சம் எவ்வளவு, பாலில் எவ்வளவு, திராட்சையைக் கழுவித் தின்பதா தோலை உரித்துத் தின்பதா என்பதோடு அது முடிந்துவிடுகிறது. அந்தத் திராட்சைக்கு மருந்தடித்தவனின் ரத்தத்தில் எவ்வளவு எச்சம் என்று எவரும் கேட்பதில்லை. இது ஏதோ மறதியால் வந்த குறை அல்ல. இந்த நாட்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் பிறந்ததே அப்படித்தான்.

1958ல் கேரளத்தில் 100க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். கப்பலில் பாரத்தியான் என்கிற பூச்சிக்கொல்லியோடு சேர்த்து ஏற்றிவந்த கோதுமை மாவில் நஞ்சு கசிந்து, அதைத் தின்றதால் வந்த சாவு. விசாரணை ஆணையம் போட்டார்கள், நிபுணர் குழு போட்டார்கள், பத்து வருசம் கழித்து 1968ல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. அதே 1968ன் டிசம்பர் 25 இரவில்தான் கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். கூலியாகக் கூடுதல் நெல் கேட்டதற்காக. பசுமைப் புரட்சியின் புது நெல்லும் உரமும் மருந்தும் டெல்டாவுக்குள் வந்துகொண்டிருந்த காலம் அது. பயிருக்கு வேண்டியதையெல்லாம் அரசாங்கமே கொண்டுவந்து கொடுத்தது. பயிரில் இறங்குகிறவன் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதற்குத் தீ வைத்தார்கள். இந்த இரண்டையும் நம் பாடப்புத்தகங்கள் ஒரே பக்கத்தில் வைத்துச் சொல்வதில்லை.

அந்தச் சட்டத்தில் என்னதான் இருக்கிறது? 1971ல் எழுதிய விதிகளை எடுத்துப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். வேலைக்கு எடுக்குமுன் மருத்துவப் பரிசோதனை, பிறகு குறித்த இடைவெளியில் மறுபடியும் பரிசோதனை, பாதுகாப்பு உடை, கையுறை, காலணி, மூச்சுக்கவசம், கைக்கெட்டும் தூரத்தில் முறிமருந்து, வேலை செய்பவருக்குப் பயிற்சி என்று எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். புட்டியின் சீட்டில் பதினாறில் ஒரு பங்கு இடத்தில் சாய்சதுரம் போட வேண்டும்; சிவப்பு என்றால் கொடிய நஞ்சு, அப்புறம் மஞ்சள், நீலம், பச்சை. படித்துக்கொண்டே வந்தால் 'அட, நம்ம ஆளுக்குக்கூட ஏதோ எழுதியிருக்காங்களே' என்று தோன்றும்.

பிறகு சட்டத்தின் வால்பகுதிக்கு வர வேண்டும். 38ஆம் பிரிவு. சொந்த வீட்டுத் தேவைக்கோ, வீட்டுத் தோட்டத்துக்கோ, தன் சாகுபடியில் உள்ள நிலத்துக்கோ ஒருவர் பூச்சிக்கொல்லி பயன்படுத்தினால் இந்தச் சட்டத்தில் எதுவும் அவருக்குப் பொருந்தாது என்கிறது அது.

தோழர்கள் இதை இன்னொரு முறை படியுங்கள். தன் சாகுபடியில் உள்ள நிலம். பூச்சிக்கொல்லி வேறு எங்கே அடிக்கப்படுகிறது? வானத்திலா? தயாரிக்கிற கம்பெனிக்குப் பதிவு உண்டு, விற்கிற கடைக்கு உரிமம் உண்டு, ஆய்வாளர் உண்டு, மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது உண்டு. ஆனால் புட்டி கடையை விட்டு வெளியே வந்து வரப்பு ஏறிய நிமிடமே சட்டம் வரப்பிலேயே நின்றுவிடுகிறது. விதி என்பது தாய்ச்சட்டத்தைத் தாண்டிப் போக முடியாது. கையுறையும் மூச்சுக்கவசமும் பரிசோதனையும் வயலுக்குள் இறங்காத விதிகள். தன் வீட்டுக் கொல்லையில் கத்தரிச்செடிக்குத் தானே மருந்தடிக்கிற ஆளும், பத்து ஏக்கர் பருத்திக்குக் கூலியாள் வைத்து அடிக்கச் சொல்கிற ஆளும் இந்தப் பிரிவின் கண்ணுக்கு ஒன்றுதான். கூலிக்கு அடிக்கிறவன் என்று ஒருவன் இருப்பதாகவே அதை எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. தெரியாது என்பதைவிட, அவன் நிலத்தோடு ஒட்டிய பொருள், ஆண்டையின் கையின் நீட்சி என்று நினைத்தார்கள் என்பதே சரி.

யார் அந்தக் கூலி? எல்லா ஊரிலும் தலித் மட்டும்தான் மருந்தடிக்கிறான் என்று சொல்ல வரவில்லை. சின்ன நிலம் வைத்திருக்கிற எல்லாச் சாதிக்காரனும் தானே அடிக்கிறான், சாகவும் செய்கிறான். ஆனால் நிலமில்லாத கூலிகளில் நம் சனங்களின் பங்கு மக்கள்தொகையில் இருக்கிற பங்கைவிட மிக அதிகம். மேலத்தெருவில் கொஞ்சம் காசு பார்த்தவன் முதலில் விடுகிற வேலை மருந்தடிப்பதுதான். 'வாசனை ஒத்துக்கலை'ன்னு சொல்லி ஆள் அனுப்புவான். ஆள் எங்கிருந்து வரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டேங்குக்கு இத்தனை ரூபாய் என்று கூலி பேசும்போது, எவ்வளவு வேகமாக எத்தனை டேங்க் அடிக்கிறானோ அவ்வளவு காசு. அளவு மூடிக் கணக்கு. மூக்கில் ஒரு துண்டு. காலில் ஒன்றும் இல்லை.

பாஸ்பரஸ் வகை நஞ்சுகள் தோல் வழியாகவே உள்ளே போகும், குடிக்க வேண்டியதில்லை. நரம்பு தன் வேலையை முடித்ததும் அதை நிறுத்துகிற நொதி ஒன்று உடம்பில் இருக்கிறது. கோலினெஸ்டெரேஸ் என்பார்கள். இந்த நஞ்சு அதை முடக்கிவிடும். அதனால்தான் எச்சில் ஒழுகுகிறது, வேர்த்துக் கொட்டுகிறது, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குகிறது, கடைசியில் மூச்சு நிற்கிறது. அட்ரோபின் ஊசியை உடனே போட்டால் பிழைக்கலாம். ஆனால் வரப்பில் விழுந்தவனுக்கு மோரைக் கொடுத்துப் படுக்க வைக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாலும் முதல் கேள்வி 'குடிச்சியா?' என்பதுதான். குடிக்கலீங்க, அடிக்கப் போனேன் என்று அவன் சொல்ல வேண்டும், அதுவும் வாயில் நுரை தள்ளுகிறபோது. பெண்களின் கதை இன்னும் மோசம். மருந்தடித்த மறுநாள் களையெடுக்க இறங்குவது அவர்கள், அந்தச் சட்டையைத் துவைப்பதும் அவர்கள். அவர்கள் 'மருந்தடிப்பவர்' என்கிற கணக்கில்கூட வருவதில்லை.

2017ல் மகாராட்டிர மாநிலம் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த 20க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், 800க்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். தலைக்கு மேல் வளர்ந்த செடி, மேல்நோக்கிப் பீய்ச்சினால் தன் முகத்திலேயே திரும்ப விழும். அதே வருசம் நம் பெரம்பலூர்ப் பக்கத்திலும் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் செத்த செய்தி வந்தது. என்ன பதில் கிடைத்தது? கையுறை போடவில்லை, காற்றுக்கு எதிராக அடித்தார்கள், இரண்டு மருந்தைக் கலந்தார்கள். செத்தவன் மேலேயே பழி. யவத்மாலில் அடிக்கப்பட்ட நஞ்சுகளில் ஒன்றான டயாஃபென்தியூரானுக்குச் சுவிட்சர்லாந்தில் அனுமதி இல்லை. ஆனால் அந்த நாட்டைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனி இங்கே விற்கலாம். சித்திரை வெயிலில் ரப்பர் உடை மாட்டி முகமூடி போட்டு ஒரு மணி நேரம் பம்பு சுமந்து பார்க்கட்டும் இந்தப் புத்திசாலிகள். கவசத்தோடு மட்டுமே அடிக்க முடிகிற நஞ்சு இந்த வெயிலில் அடிக்கவே முடியாத நஞ்சு, அவ்வளவுதான்.

மோனோகுரோட்டோபாஸ் கதையைப் பாருங்கள். 2005ல் காய்கறிகளுக்கு அடிக்கக் கூடாது என்று தடை. ஏன்? தின்கிறவனுக்கு ஆபத்து. பருத்திக்கு அடிக்கலாமாம். பருத்தியை யாரும் தின்பதில்லையே! 2013 சூலையில் பீகாரின் சாரன் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இதே நஞ்சால் செத்தார்கள். அப்போதும் அது கடையில் இருந்தது. 36 சதவீதக் கரைசலுக்குத் தடை ஆணை வந்தது 2023ல். காய்கறி தின்கிறவனைக் காப்பாற்றியதற்கும் பருத்திக்கு அடிக்கிறவனைக் கண்ணெடுத்துப் பார்த்ததற்கும் நடுவே 18 வருசம். இதையும் நினைவில் வையுங்கள்: 2003ல் கோலா பாட்டிலில் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதாக டெல்லி ஆய்வுக்கூடம் ஒன்று சொன்னபோது நாடாளுமன்றமே கூட்டுக்குழு போட்டது. குளிர்பானம் குடிக்கிற வர்க்கத்துக்கு நாடாளுமன்றக் கூட்டுக்குழு. பம்பு சுமக்கிறவனுக்குத் துண்டுப் பிரசுரம்.

மாட்டு மருந்துக்கு வருவோம். மாட்டுக்கு வலி நீக்கப் போட்ட டைக்ளோபினாக் ஊசிதான் பிணந்தின்னிக் கழுகுகளைக் கொன்றது என்று 2004ல் ஆய்வு வெளியானது. ஊசி போட்ட மாடு செத்தால், அதைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் போய்விடும். தொண்ணூறுகளுக்கு முன் கூட்டம் கூட்டமாக இருந்த பறவை பதினைந்தே வருசத்தில் நூற்றுக்கு ஒன்றுகூட மிஞ்சாமல் போனது. 2006ல் கால்நடைகளுக்கான டைக்ளோபினாக்கைத் தடை செய்தார்கள். இரண்டே வருசம். கழுகின் மேல் நமக்குப் பொறாமை இல்லை. செத்த மாட்டை அப்புறப்படுத்துகிற வேலையில் அது நம் சனத்தின் கூட்டாளி. அரசாங்கம் மனது வைத்தால் எவ்வளவு வேகமாக வேலை நடக்கும் என்று காட்டத்தான் சொல்கிறேன்.

அதைவிட முக்கியமான பாடம் பிறகு நடந்தது. மாட்டுக்குத் தடை என்றதும் மனிதருக்கான பெரிய புட்டியை வாங்கி மாட்டுக்குக் குத்தினார்கள். அரசாங்கம் அப்போது விவசாயிக்குப் பயிற்சி கொடுக்கிறேன், விழிப்புணர்வு முகாம் நடத்துகிறேன் என்று மட்டும் சொல்லிக்கொண்டு இருக்கவில்லை. 2015ல் மனிதருக்கான ஊசிப்புட்டி 3 மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஆணை போட்டது. மாட்டுக்குப் போட அத்தனை சின்னப் புட்டி கட்டுப்படியாகாது. கம்பெனிகள் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள், 2017ல் தோற்றார்கள். 2023ல் கீட்டோபுரோபெனும் அசிக்ளோபினாக்கும் மாட்டுக்குத் தடையாயின. கடைசியில் பயன்படுத்துகிறவனின் கையைப் பிடித்துத் திருத்துவதல்ல, தொழிற்சாலை வாசலிலேயே நிறுத்துவதுதான் கட்டுப்பாடு என்பது இவர்களுக்கு நன்றாகத் தெரியும். கழுகுக்குத் தெரிந்த இந்த நியாயம் கூலிக்காரனிடம் வரும்போது மட்டும் 'கையுறை போடுப்பா' என்று மாறிவிடுகிறது.

கழுகு போன பிறகு என்ன ஆனது? பிணமாடு கிடந்து நாறியது, நாய்கள் பெருகின, வெறிநாய்க்கடி பெருகியது. 2000க்கும் 2005க்கும் இடையில் மட்டும் சுமார் 5 லட்சம் கூடுதல் மனிதச் சாவுகள் என்று 2024ல் வெளியான பொருளாதார ஆய்வு ஒன்று கணக்கிட்டது. செத்த மாட்டை இழுக்கிற வேலை மட்டும் யாரிடமிருந்தும் போகவில்லை. உயிரோடு இருக்கும்வரை கோமாதா. செத்தால் சேரிக்கு ஆள் அனுப்பு. 2016ல் குசராத்தின் ஊனாவில் செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டி வைத்து அடித்தார்கள். அதற்குப் பதிலாக நம் மக்கள் பிணமாடுகளைச் சுரேந்திரநகர் ஆட்சியர் அலுவலகத்தின் முன்னால் கொண்டுபோய்க் கொட்டினார்கள். 'உன் தாய், நீயே தூக்கு.' சுற்றுச்சூழல் கருத்தரங்குகளில் கழுகின் 'துப்புரவுச் சேவை'க்கு ரூபாய்க் கணக்கு போடுகிறார்கள். நம் பாட்டன் பூட்டன் செய்ததற்கு எவனும் கணக்குப் போட்டதில்லை.

'எல்லாத்துக்கும் தீர்வு பழைய இயற்கை விவசாயம்தான்' என்று ஒரு சாரார் சொல்வார்கள். மருந்து குறையட்டும், நாம் வேண்டாம் என்றா சொல்கிறோம்? ஆனால் 'பழைய' என்ற சொல்லைக் கேட்டால் நமக்கு உதறல் எடுக்கிறது. அந்தப் பழைய வயலில் சாணிப்பாலும் சவுக்கடியும் இருந்தன. நிலம் யாருடையது என்று கேட்காத இயற்கை விவசாயம், நஞ்சில்லாத பண்ணையாள் முறையாகத்தான் இருக்கும்.

சட்டத்தை மாற்ற 2008ல் ஒரு மசோதா, 2020ல் இன்னொரு மசோதா வந்தன, இரண்டும் சட்டமாகவில்லை. இனி எந்த மசோதா வந்தாலும் நாம் முதலில் தேட வேண்டியது அந்த 38ஆம் பிரிவின் வாரிசு உள்ளே இருக்கிறதா என்பதைத்தான். கூலிக்கு ஆள் வைத்து மருந்தடிப்பவர் முதலாளி, அவருக்குக் கடமையும் இழப்பீட்டுப் பொறுப்பும் உண்டு என்று வெளிப்படையாக எழுத வேண்டும். சிவப்புச் சதுர நஞ்சுகள் மொத்தமும் போக வேண்டும். பயிர்த் துறையே அனுமதியும் கொடுத்து, விற்பனையையும் வளர்க்கிற ஏற்பாடு மாற வேண்டும். மாநில அரசின் கையில் இருக்கும் தடை அதிகாரமோ வெறும் 60 நாள், விசாரணை முடியாவிட்டால் இன்னும் 30 நாள் வரை நீட்டிக்கலாம். 2023ல் தமிழ்நாடு ஆறு பூச்சிக்கொல்லிகளை 60 நாள் தடை செய்தது.

ஆனால் டெல்லியைக் கேட்காமல் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அதே சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி, நஞ்சேறிய ஒவ்வொரு நிகழ்வையும் தெரிவிக்க வேண்டும் என்று மாநில அரசு அறிவிக்கை போடலாம். அடிக்கப் போய் விழுந்தவனைக் குடித்தவனின் கணக்கிலிருந்து பிரித்து எழுத வைக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அட்ரோபினும் ரத்தப் பரிசோதனையும் கேட்கலாம். பிணமாடு அப்புறப்படுத்துவதை வண்டியும் சம்பளமும் உள்ள ஊராட்சி வேலையாக்கி, எந்தச் சாதிக்காரனும் விண்ணப்பிக்கிற வேலையாக்கச் சொல்லலாம்.

மாணவத் தோழர்கள் இந்த மருந்தடிப்புப் பருவத்தில் ஆளுக்கொரு நோட்டோடு சேரிகளுக்குப் போங்கள். யார் அடித்தது, யார் நிலம், டேங்குக்கு என்ன கூலி, என்ன மருந்து, சதுரம் என்ன நிறம், அன்றைக்கு ராத்திரி உடம்பு என்ன செய்தது என்று எழுதுங்கள். யாராவது விழுந்தால் காலிப் புட்டியைத் தூக்கி எறிய விடாதீர்கள், ஆளோடு சேர்த்து அதையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். எந்த நஞ்சு என்று தெரிந்தால்தான் டாக்டர் சரியான ஊசி போட முடியும், பின்னால் வழக்கு என்று வந்தாலும் அந்தச் சீட்டுதான் சாட்சி.